லவுஞ்சில் தொழுகிறவருக்கு முன்னால் நடந்துவிட்டேன், தப்பா?

பொகவந்தலாவையிலிருந்து தாயோடு இலண்டனுக்குப் போய்வந்த ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். வளைகுடா நாடொன்றில் ஏழு மணித்தியாலம் இடைத்தங்கல். அண்ணன் எடுத்துக் கொடுத்த அனுமதியில் இருவரும் லவுஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து சோஃபாவில் இருந்த வயதான தம்பதி கார்ப்பெட்டில் விரிப்பைப் போட்டுத் தொழத் தொடங்கியிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பி வந்த பிள்ளை அவர்களுக்கு முன்னால் நடந்து தன் இருக்கைக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்ததும் அவர்களோடு வந்த ஒரு தம்பி, "பொம்பளைகள் குறுக்கே போனால் தொழுகை முறிஞ்சிடும்" என்று கேட்கும்படியாகவே சொல்லியிருக்கிறார். அதோடு முடியவில்லை. அன்று பின்னேரம் தாய் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தபோது எதிரில் இருந்த ஒருவர் முறைத்துப் பார்த்தாராம். "இப்படியான பொது இடத்தில் கும்பிடுவதற்கு என்ன முறை, யாருக்கு யார் ஒதுங்க வேண்டும்?" என்பது கேள்வி.

மகள், நீங்கள் முறையைக் கேட்பது போல எழுதியிருந்தாலும், வாசித்தபோது எனக்கு இரண்டு கேள்விகள்தான் கேட்டன. நான் யாருடைய வணக்கத்தையாவது கெடுத்துவிட்டேனா என்பது ஒன்று. அவர்களுக்குக் கிடைத்த இடம் என் அம்மாவுக்குக் கிடையாதா என்பது மற்றது. முதலாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் பாதிக்குத்தான் எனக்குப் பயிற்சி உண்டு, மீதி பார்த்துப் பழகியது. நான் கம்பளைக்காரன். மத்ரஸாவில் ஓதி மௌலவியாகி, 18 வருஷமாக மலையகத்து ஊர்களிலிருந்து உம்ரா என்ற மக்கா யாத்திரைக்குப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். நான் ஓதியது ஷாஃபி மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றுவதும் அதுதான். ஹனஃபி மத்ஹபுக்காரர் ஒருவர் இதை வாசித்தால் சில இடங்களில் தலையை ஆட்டி மறுப்பார். அந்த இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் யாருடைய தொழுகையையும் முறிக்கவில்லை. அந்தத் தம்பி சொன்னது காற்றிலிருந்து பிடித்ததல்ல, அப்படி ஒரு நபிமொழி இருக்கிறது. பெண், கழுதை, கறுப்பு நாய் குறுக்கே போனால் தொழுகை துண்டிக்கப்படும் என்று அதில் வருகிறது. ஆனால் இதைக் கேட்ட ஆயிஷா நாயகி, நபியின் மனைவி, "எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே" என்று கோபப்பட்டதும், நபி தொழும்போது அவருக்கும் மக்காவை நோக்கிய தொழும் திசையான கிப்லாவுக்கும் இடையில் தான் படுத்திருந்ததை எடுத்துச் சொன்னதும் புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. ஷாஃபி உட்பட பெரும்பாலான அறிஞர்கள் "துண்டிக்கப்படும்" என்பதற்கு மனஓர்மை குலையும் என்றுதான் பொருள் கொண்டார்கள். முன்னால் யார் போனாலும் தொழுகை செல்லும். ஹம்பலி மத்ஹபில் கறுப்பு நாய் விஷயத்தில் மட்டும் வேறு பேச்சு உண்டு, அது லவுஞ்சுக்குத் தேவைப்படாது. அந்தத் தம்பி பாதியைக் கேட்டுவிட்டு மீதி ஓதும் முன்பே எழும்பிப் போனவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகிறவருக்கு முன்னால் நடப்பதை எங்கள் மார்க்கம் பாரமாகத்தான் எடுக்கிறது. அதில் என்ன குற்றம் இருக்கிறது என்று தெரிந்தால், குறுக்கே போவதைவிட நாற்பது காலம் நின்றுகொண்டிருப்பதே மேல் என்று தோன்றும் என நபி சொன்னதாக வருகிறது. அதை அறிவித்தவர்களில் ஒருவர், நாற்பது நாளா, மாதமா, வருஷமா என்பது தனக்கு நினைவில்லை என்று நேர்மையாகச் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும். ஆனால் இந்தக் கண்டிப்புக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. தொழுகிறவர் தனக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு சுத்ரா என்று பெயர். சுவரோ தூணோ முதல் தரம். அது இல்லாவிட்டால் நட்டு வைத்த தடியோ சாமானோ, அதுவும் இல்லாவிட்டால் விரித்த முஸல்லா (தொழுகை விரிப்பு), கடைசியாகத் தரையில் ஒரு கோடு. தடுப்பின் உயரம் ஒரு முழத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கும் ஆளுக்கும் இடையில் தூரம் மூன்று முழத்துக்குள். அந்தச் சின்ன இடம்தான் அவருடையது. அதைத் தாண்டிய தரை முழுக்க நடக்கிறவர்களுக்குச் சொந்தம். நடைபாதையிலேயே நின்று தொழுதால், வேறு வழியில்லாமல் குறுக்கே போனவர் மேல் குற்றமில்லை, பாதையை அடைத்தவரே வெறுக்கத்தக்க காரியத்தைச் செய்தவர் என்றுதான் எங்கள் நூல்கள் சொல்கின்றன. தேத்தண்ணி மேசையிலிருந்து இருக்கைக்கு வேறு வழி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அடுத்த முறை பின்னால் சுற்றிப் போங்கள். இல்லையென்றால் விட்டுத்தள்ளுங்கள்.

"வீட்டுக்குப் போய்த் தொழ முடியாதா, லவுஞ்சிலேயேதான் தொழ வேண்டுமா" என்று உங்கள் அம்மா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஐந்து வேளைத் தொழுகைக்கும் நேர எல்லை உண்டு, தள்ளிப்போட முடியாது. ஆனால் பயணிக்குச் சலுகை இருக்கிறது. 80 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பயணம் என்றால் லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), இஷா (இரவு) மூன்றிலும் நான்கு ரக்அத்தை, அதாவது தொழுகையின் நான்கு சுற்றை, இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் ஒரு நேரத்தில், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபையும் இஷாவையும் ஒரு நேரத்தில் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகள் ஹஜ்ஜின்போது அரஃபா, முஸ்தலிஃபா என்ற இரண்டு இடங்கள் தவிர வேறெங்கும் இப்படிச் சேர்க்க மாட்டார்கள். அதனால் ஒரே லவுஞ்சில் ஒருவர் ஒரு முறையும் இன்னொருவர் இரண்டு முறையும் எழும்புவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அப்புறம், விமானத்துக்குள் ஏறிவிட்டால் இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்துகொண்டு நிற்கவும் முடியாது, கிப்லாவைப் பார்க்கவும் முடியாது. நிற்கக்கூடியவர் கடமையான தொழுகையை நின்றுதான் தொழ வேண்டும். இருக்கையில் இருந்தபடி நேரத்தின் கண்ணியத்துக்காகத் தொழுதாலும் இறங்கியபின் திரும்பத் தொழும்படி எங்கள் மத்ஹப் சொல்கிறது. ஆகவே கால் நிலத்தில் இருக்கும்போதே தொழுதுவிட எல்லோரும் அவசரப்படுவார்கள். நீங்கள் பார்த்த தம்பதி வம்புக்காக அந்த இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். போர்டிங்குக்கு நேரமாகியிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் ஆட்களைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையற்றவன். வேலை அதிகம் இருப்பது தொழுகிறவர் பக்கம்தான். பல வருஷத்துக்கு முன் ஒரு குழுவில் 32 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். முதல் நாள் இரவே கம்பளையில் வேன் ஏறி, கடுகண்ணாவை இறக்கத்தில் பாதிப் பேர் வாந்தியெடுத்து, தூங்காமல் வந்தவர்கள். இடைத்தங்கலில் லுஹர் நேரம் வந்ததும் "ஜமாஅத்தாக, எல்லோரும் சேர்ந்து தொழுவோம்" என்று நானே சொன்னேன். கண்ணில் பட்ட அகலமான இடத்தில் ஆண்கள் இரண்டு வரிசை, பின்னால் பெண்கள் ஒரு வரிசை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், அவரைத் தள்ளி வந்த பெண், கோப்பைகள் நிறைந்த தள்ளுவண்டியோடு ஒரு பணியாளர் மூன்று பேரும் சுவரோரமாய் நிற்கிறார்கள். அந்த அகலமான இடம் கழிவறைக்குப் போகும் வழி. கிழவருக்கு எவ்வளவு அவசரமோ தெரியாது, எங்கள் தொழுகை முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது கையை மட்டும் அசைத்தார். அன்றைய தொழுகை எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு லவுஞ்சிலும் கேட்டிலும் பெரிய ஜமாஅத் வைப்பதில்லை. தொழுகை அறை இருந்தால் அங்கே, அது எத்தனை நிமிட நடையானாலும் சரி. வளைகுடாவின் பெரிய விமான நிலையங்களில் கேட்டுகளுக்கு அருகிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகத் தொழுகை அறைகள் உண்டு. தோஹாவில் ஹமத் விமான நிலையத்துக்கென்று ஒரு பள்ளிவாசலே இருக்கிறது. சில லவுஞ்சுகளுக்குள்ளேயே ஒரு சின்ன அறை ஒதுக்கியிருப்பார்கள், வரவேற்பில் கேட்டால் காட்டுவார்கள். கேட்க வெட்கப்பட்டு சோஃபாக்களுக்கு நடுவில் விரிக்கிறவர்கள்தான் அதிகம். அறை இல்லையென்றால் மூன்று நான்கு பேராகப் பிரிந்து, சுவரைப் பார்த்த மூலையில், சாப்பாட்டு மேசைக்கும் அவசர வாசலுக்கும் தள்ளி நிற்கச் சொல்லுவேன். முன்னால் கைப்பயணப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டால் அதுவே சுத்ரா. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி என்று செக்கியூரிட்டி வந்து தூக்கிப் போகும் பயமும் இல்லை, பெட்டி கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஒட்டகச் சேணத்தின் பின்கட்டை அளவுக்கு வை என்று சொன்னது, இன்றைக்குச் சில்லு வைத்த பெட்டிக்குப் பொருந்திவிடுகிறது. லவுஞ்சுக்காரர் வந்து "இங்கே வேண்டாம், அங்கே போங்கள்" என்றால் போய்விட வேண்டும். அது அவர்களுடைய இடம். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டது என்ற நபிமொழியை அவர்களிடம் வாதமாக வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூமி முழுவதும் தொழுமிடம் என்றால் பத்தடி தள்ளி இருப்பதும் பூமிதானே.

சத்தம் இன்னொரு விஷயம். ஸுபஹ் (விடியல்), மஃரிப், இஷா தொழுகைகளில் இமாம் சத்தமாக ஓதுவது சுன்னத்து, அதாவது நபிவழி, கடமையல்ல. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டால் போதும். அதைவிடத் தொல்லை பாங்கு, அதாவது கைப்பேசியில் ஒலிக்கும் தொழுகை அழைப்பு. அதே 32 பேரில் இருபது பேரிடமாவது அந்தச் செயலி இருந்தது. தோஹா நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். விமானப் பயன்முறையிலேயே விட்டவர்களின் போன்கள் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது கம்பளை மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ஒன்று முடிய இன்னொன்று, அது முடிய மற்றொன்று. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழும்பி அழுதது, அதன் தாய் எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை. இப்போது வேன் கிளம்பும் முன் எல்லார் போனையும் வாங்கி அந்த மணியை நானே நிறுத்துகிறேன்.

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் வுழூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பெரும்பாலான முறைப்புகள் அங்கேதான் தொடங்குகின்றன. முகம், கை வரைக்கும் யாரும் கவனிக்க மாட்டார்கள். காலைத் தூக்கி முகம் கழுவும் தொட்டியில் வைக்கும்போதுதான் பக்கத்தில் பல் துலக்குகிறவர் விறைத்துப்போவார். தரையெல்லாம் தண்ணீர். ஒரு முறை எங்கள் ஆட்கள் கழுவிவிட்டுப் போன பிறகு மொப்போடு வந்த பையன், நான் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஐயா சிலோனா?" என்றான். மஸ்கெலியாப் பக்கம் தோட்டம். அப்பாவும் அம்மாவும் இன்னும் கொழுந்துதான் எடுக்கிறார்களாம். நான் மன்னிப்புக் கேட்கப் போக, "நீங்க தொழுதுட்டுப் போயிருவீங்க ஐயா. சுப்பவைசர் வந்து தரையைக் கையால தொட்டுப் பாப்பாரு. ஈரம் இருந்தா எனக்குத்தான் சம்பளம் வெட்டு" என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை, மழை பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னான்.

அவனுக்காகத்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்தேன். நபி வுழூச் செய்தது ‘முத்’ என்ற ஓர் அளவுத் தண்ணீரில், அதாவது முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஆளுக்கு ஒரு வெற்றுப் போத்தல் கொண்டுவரச் சொல்லுகிறேன். செக்கியூரிட்டி தாண்டியபின் நிரப்பிக்கொண்டு, கழிவறைக்குள் போய்க் காலை மட்டும் அங்கே கழுவி, துவாயால் துடைத்துவிட்டு வரலாம். வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வுழூச் செய்து தோல் காலுறை போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் சுலபம். பயணிக்கு மூன்று இரவு பகல் வரை காலைக் கழுவாமல் காலுறைக்கு மேலே ஈரக்கையால் தடவினால் போதும். சாதாரண நூல் காலுறைக்கு இது செல்லுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாஃபி நூல்கள் மெல்லியதை ஏற்பதில்லை, ஏற்கிற அறிஞர்களும் உண்டு. நான் என் குழுவுக்குத் தோலையே சொல்லுகிறேன், ஆனால் நூல் காலுறையில் தடவுகிற இன்னொருவரோடு வாதாட மாட்டேன்.

திசை விஷயம் சுருக்கமாக. இலங்கையில் கிப்லா மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. அந்தப் பழக்கத்தில் எங்கள் பெரியவர்கள் எந்த நாட்டிலும் சூரியன் மறையும் பக்கம் பார்த்து நின்றுவிடுவார்கள். தோஹாவிலும் துபாயிலும் மேற்கிலிருந்து தெற்கே சாயும், இலண்டனில் தென்கிழக்கு, இஸ்தான்புல்லில் தெற்கு, கிழக்கே சாய்ந்தது. இரும்புத் தூணும் மின்கம்பியும் நிறைந்த கட்டடத்துக்குள் கைப்பேசித் திசைகாட்டி அடிக்கடி பொய் சொல்லும். ஆகவே ஒருவர் விரிப்போடு எழும்பி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தால், சிரிக்காமல், தெரிந்தால் சொல்லுங்கள். முஸ்லிம் அல்லாத பணியாளர்கள் எத்தனையோ பேர் எங்களுக்குத் திசை காட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் சொல்ல அதிகம் இல்லை. எழும்பிப் போகத் தேவையில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பிடலாம், பேசலாம். காணொளி பார்த்தால் காதில் மாட்டிக்கொள்ளுங்கள், அது தொழுகைக்காக மட்டுமல்ல. தொழுகிறவரிடம் எதுவும் கேட்காதீர்கள், அவரால் பதில் சொல்ல முடியாது. சுருக்கித் தொழுவது ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொழுதுகொண்டே ஒருவர் திடீரென்று "ஸுப்ஹானல்லாஹ்" என்று குரலை உயர்த்தினால், அல்லது ஒரு பெண் கையைத் தட்டினால், அது எச்சரிக்கை. ஏதோ விழப்போகிறது, பிள்ளை கொதிக்கிற கோப்பையை இழுக்கிறது, திரும்பிப் பாருங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதை மட்டும் நான் மன்னிப்பதில்லை, நல்லெண்ணத்தோடு பிடித்தாலும்.

இப்போது "யாருக்கு யார் ஒதுங்க வேண்டும்" என்ற கேள்வி. இதைச் சட்டமாகக் கேட்டால் என்னாகும் என்று எங்கள் கம்பளைக்குத் தெரியும். அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் சிங்கள பௌத்தர்களின் வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹர ஊர்வலம் மேளத்தோடு போகலாமா கூடாதா என்று நூறு வருஷத்துக்கு முன் வழக்காடினார்கள். 1914 இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தது, 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த வருஷம் மே மாத வெசாக் இரவில் கண்டியில் தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலவரம் நாட்டின் பல பகுதிக்கும் பரவியது. வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வியாபாரப் பொறாமை, காலனி அரசின் தடுமாற்றம் எல்லாம் இருந்தன. ஆனால் வணங்குகிற இடத்தில் யாருக்கு உரிமை என்று அளக்கத் தொடங்கினால் அளவுகோல் எப்போதும் பத்தாமல் போகும் என்பதற்கு நான் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

மறுபக்கமும் எங்கள் மலையில்தான் பார்த்தேன். சிவனொளிபாதமலையை நாங்கள் பாவா ஆதம் மலை என்போம். 1344 இல் இப்னு பதூதா ஏறிய மலை. இளவயதில் நானும் மூன்று நண்பர்களும் பருவ காலத்தில் ஒரு இரவு நல்லதண்ணிப் பக்கமாக ஏறினோம். உச்சியில் நிற்க இடமில்லை. எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், சூரியன் வருவதற்காக. எங்களுக்கோ அது வருமுன் ஸுபஹ் தொழ வேண்டும், அதுவும் மேற்கைப் பார்த்து. படியோரமாக ஒரு மூலையில் நாங்கள் நால்வரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றதும், பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. திசை தெரியாத பையன்கள் என்று நினைத்து என் சட்டையைப் பிடித்து, "அந்தப் பக்கம் இல்ல மகன், இந்தப் பக்கம்" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பப் பார்த்தார். நான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டேன், பேச முடியாது. அவருடைய மகன் குனிந்து காதில் ஏதோ சொன்னான். ஆச்சி தன் பையையும் ஃபிளாஸ்க்கையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நெற்றி வைக்க இடம் விட்டார். முடிந்ததும் அந்த ஃபிளாஸ்க்கிலிருந்தே இஞ்சி போட்ட பிளேன்ரீ கிடைத்தது. அங்கே யாரும் எந்த விதியும் ஓதிக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே உங்கள் அம்மா. சைவ அனுஷ்டானம் எனக்குத் துறையல்ல, எதை விடலாம் எதை விடக்கூடாது என்பதைக் கோயில் ஐயரிடம் கேளுங்கள். விமான நிலையத்துப் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். இருக்கையில் உட்கார்ந்து திருநீறு பூசி வாய்க்குள் தேவாரம் சொல்வதில் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. 18 வருஷத்தில் செபமாலை உருட்டும் கத்தோலிக்கர், கண்மூடிப் பிரித் சொல்லும் பௌத்தர் என்று எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முறைத்தவருக்கு அம்மா எதுவும் கடன்பட்டவரல்ல. ஒருவேளை அவர் முறைக்கவே இல்லாமல், தூக்கம் கெட்ட கண்ணோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இடைத்தங்கலில் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும். வளைகுடாவில் தொழுகை அறை என்று போட்டிருப்பது முஸ்லிம்களின் தொழுகைக்கென்றே அமைத்தது, கால் கழுவும் இடம், கிப்லாக் குறி எல்லாம் அதற்கேற்ப இருக்கும். அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், இருக்கையே போதும். ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. 1951 இல் அமெரிக்காவின் பொஸ்டன் விமான நிலையத்தில் கத்தோலிக்கருக்கென்று ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். காலப்போக்கில் பல நாடுகளில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான அறைகள் வந்துவிட்டன. இலண்டன் ஹீத்ரோவில் அப்படி இருக்கிறது, சிங்கப்பூர் சாங்கியிலும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் போகலாம். படமோ சிலையோ நிரந்தரமாக இருக்காது, அம்மா கைப்பையில் வைத்திருக்கும் மாரியம்மன் படத்தை எடுத்து முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டால் சரி. பக்கத்தில் ஒருவர் நெற்றியைத் தரையில் வைத்திருப்பார், அதனால் தேவாரம் வாய்க்குள்தான். ஊதுபத்தி கூடாது, மணி கூடாது.

சூடம் கொண்டுபோனதாக எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு உண்மையில் பயத்தைத் தந்தது. லவுஞ்சில் ஏற்றுவதை விடுங்கள், கொண்டுபோவதே ஆகாது. சூடம் எளிதில் தீப்பற்றும் பொருள், கைப்பையிலும் சரி, ஏற்றும் பெட்டியிலும் சரி, அதற்கு அனுமதியில்லை. இந்த முறை கண்ணில் படாமல் போயிருக்கிறது. அடுத்த முறை ஸ்கானரில் பிடிபட்டால் அம்மாவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், தெரியாத மொழியில் கேள்வி கேட்பார்கள். கோயில் தீர்த்தம் கொண்டுபோவதானால் 100 மில்லிலீற்றருக்குட்பட்ட சின்னப் போத்தலில் ஊற்றி, மற்றத் திரவங்களோடு, உள்ளே இருப்பது வெளியில் தெரியும் பையில் போடுங்கள். திருநீறு மடித்த பொட்டலத்தை மேலாகவே வையுங்கள். வெள்ளைத் தூள் என்று கேட்டால், அம்மா கொஞ்சம் எடுத்துத் தன் நெற்றியில் பூசிக் காட்டினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கட்டுநாயக்காவில் ஒரு அதிகாரி அப்படிக் காட்டிய பாட்டியிடம் தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.